சுங்கத்துக்கு அகப்படுகிறவர் குப்பைக்கு அகப்படமாட்டாரா?

வாரச்சந்தையைப் பற்றிப் பேச்செடுத்தாலே புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தீர்ப்பைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறு ஊர். வந்து போகிறவனுக்கு இந்த மண் மேல் என்ன அக்கறை? சந்தை என்றால் குப்பைதான். சுத்தம் வேண்டுமென்றால் கான்கிரீட் கட்டடம் கட்டி நிரந்தரக் கடை கொடுங்கள்." படித்தவர்களும் சொல்கிறார்கள், வாரம் தவறாமல் சந்தைக்குப் போகிறவர்களும் சொல்கிறார்கள். இதில் ஒரு வாக்கியம்கூட நிற்காது என்பது என் எண்ணம்.

முதலில் "வந்து போகிறவன்" என்ற பேச்சு. சந்தை வியாபாரி வழி தவறி வந்தவர் இல்லை. கிழமை கணக்கு வைத்து ஊர் ஊராகச் சுற்றுகிறவர். அதே குட்டியானை, அதே தார்ப்பாய், அதே இடம். அவர் இடத்தில் இன்னொருவர் கடை விரித்தால் அன்றைக்குச் சண்டைதான். மிளகாய்க்காரர் எந்த மரத்தடியில் இருப்பார், கருவாட்டுக்கார அம்மா எந்த மூலையில் இருப்பார் என்பது வாங்குகிறவருக்கு மனப்பாடம். சந்தையை ஏலம் எடுத்தவரின் ஆள் ரசீதுக் கட்டோடு வந்து ஒருவர் விடாமல் சுங்கம் வாங்குகிறார். நாலு கட்டுக் கீரையைத் தலையில் சுமந்து வந்த பாட்டிகூடத் தப்ப முடியாது. இத்தனை பேரையும் தேடிப் பிடித்துக் காசு வாங்க முடிகிற ஏற்பாட்டுக்கு, குப்பையை மட்டும் கேட்டு வாங்க முடியாதா?

விதியும் இல்லாமல் இல்லை. தெருவோர வியாபாரி ஒவ்வொருவரும் தன் கழிவைப் போட ஒரு கலன் வைத்திருந்து, உள்ளாட்சி காட்டும் இடத்தில் அதைச் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லிவிட்டன. செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. ரசீது கிழிக்கிற கையே ஒரு காலிச் சாக்கையும் கொடுக்கட்டும். சாயங்காலம் சாக்கை நிரப்பித் திருப்பித் தருகிறவருக்குச் சுங்கத்தில் ஐந்து ரூபாய் கழித்துக் கொடுக்கட்டும். சந்தை ஊர் ஊராகச் சுற்றுவதைக் குறையாகப் பார்க்கிறோம். எனக்கு அதுதான் பலமாகத் தெரிகிறது. ஓர் ஊரில் பழகிய பழக்கம் அந்தக் குட்டியானையிலேயே ஏறி நாலைந்து ஊருக்குப் போய்விடும். ஆனால் ஓர் ஊர் மட்டும் கண்டிப்பாக இருந்து பக்கத்து ஊர் கண்டுகொள்ளாவிட்டால் பழக்கம் நிலைக்காது. ஒரே சுற்றில் வரும் ஊர்கள் சேர்ந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது கேரி பை. "பை தராவிட்டால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்" என்று வியாபாரிகள் சொல்வதை நான் ஏளனம் செய்யமாட்டேன். தனி ஒருவர் நிறுத்தினால் நட்டம் அவருக்குத்தான். சந்தை முழுக்க ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கேரி பை எந்தத் தடிமனில் இருந்தாலும் தடைதான். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. துணிப்பைக்கும் பருத்தி வேண்டும், தண்ணீர் வேண்டும். நாலு தடவையில் தூக்கிப் போட்டால் அதனால் மண்ணுக்கு லாபமில்லை. திரும்பத் திரும்ப எடுத்தால்தான் லாபம். அதற்கு வாரச்சந்தையை விடத் தோதான இடம் எது? பேருந்து நிலையத்தில் இறங்கி அவசரத்தில் வாங்குகிறவர் பையை மறக்கலாம். சந்தைக்குப் போகிறவருக்குக் கிழமை முன்பே தெரியும். ஒரே பை ஆண்டுக்கு 52 முறை போய்வரும். மீனுக்குத் தூக்குவாளி, பூவுக்கு வாழையிலை. இரண்டும் நம் வீடுகளில் புழங்கியவைதாம்.

"குப்பையை ஓரமாகக் குவித்து எரித்தால் முடிந்தது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தைக் கழிவில் பெரும்பங்கு இலையும் தழையும் அழுகிய காய்கறியும்தான். ஈரத்தோடு கிடப்பதால் அது எரியாது, புகையும். உள்ளே கலந்த பிளாஸ்டிக் எரிந்து நச்சாகும். மறுநாள் காலையில் அங்கே மேய்கிற மாட்டின் வயிற்றுக்குள் மிச்சம் போகும். 2019 அக்டோபரில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். தழையைத் தனியாகப் பிரித்துவிட்டால் அதுவே தீவனம், அதுவே உரம். புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை கூடுகிறது ஆட்டுச் சந்தை. பயிருக்காகக் காசு கொடுத்து வயலில் கிடை போடுகிற நாட்டில், அங்கே சேரும் புழுக்கையைக் குப்பை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? ஐதராபாத்தின் போயின்பள்ளிச் சந்தையில் தினம் சுமார் 10 டன் காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் ஆக்குகிறார்கள். வாரம் ஒருநாள் சந்தைக்கு அவ்வளவு பெரிய ஆலை வேண்டியதில்லை. வேலி போட்ட இரண்டு உரக்குழி போதும்.

கடைசியாகக் கட்டடம். கழிப்பறை, குடிநீர், விளக்கு, மழைநீர் ஓடும் வடிகால் ஆகியவை கட்டாயம் வேண்டும். பெண் வியாபாரிகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பது நமக்கு வெட்கம். அதற்காகத் திடல் முழுவதையும் சிமென்டால் மூட வேண்டுமா? புளியும் வேம்பும் தரும் நிழலுக்கு மின்கட்டணம் இல்லை. திறந்த மண் மழைத்தண்ணீரைக் குடிக்கும். கண்மாயையும் ஊருணியையும் நம்பிய மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சந்தைக்கு வருவதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு என்று நான் சொல்லவில்லை, வெளியூர் லாரியிலும் காய் வருகிறது. ஆனால் வடகாட்டுப் பலா தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் உறையும் இல்லாமல் விற்பனையாவது இந்தத் திறந்தவெளியில்தான். வாடகை கட்ட முடியாத கீரைக்காரப் பாட்டிக்கு நிரந்தரக் கடையில் இடமும் கிடைக்காது.

சந்தை ஏலம் ஆண்டுதோறும் வருகிறது. உங்கள் ஊர் ஏலத்தின் நிபந்தனைகளை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். சுங்கம் எவ்வளவு என்று எழுதியிருப்பதற்குக் கீழே, சந்தை கலைந்த பிறகு திடலை யார் பெருக்குவது, தழையும் பிளாஸ்டிக்கும் எங்கே போவது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.