காக்காய்க்கு உப்பு சரியா?

சித்திரை வெயில் உச்சி மண்டையைப் பிளக்கத் தொடங்கியதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? சிலருக்கு நீர்மோர், சிலருக்கு ஊட்டி. சேலத்துக்காரர்களைக் கேட்டால் மல்கோவா என்றும் இமாம்பசந்த் என்றும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். எனக்கோ அப்பாவின் வேட்டிதான் ஞாபகம் வரும். வெயிலுக்கும் வேட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டில் வடகத்தைக் கடையில் வாங்குகிறார்கள் என்று அர்த்தம்!

எங்கள் அம்மா சித்திரை பிறந்ததும் ஜவ்வரிசி வடகம் போடுவாள். அது சமையல் அல்ல, படையெடுப்பு. முதல் நாள் சாயங்காலமே அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவின் வேட்டிகளைப் பரிசீலிப்பாள். வடகம் பிழியப் பழைய வேட்டிதான் வேண்டும். ஆனால், பழையது எது என்பதில் அந்தத் தம்பதிகளுக்குள் முப்பது வருஷமாக ஒற்றுமை ஏற்படவே இல்லை.

"ஏனுங்க, இந்த வேட்டி பழசாயிருச்சுங்க. எடுத்துக்கட்டுங்களா?"

"அது போன தீபாவளிக்கு எடுத்தது!"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். போன தீபாவளிதானுங்களே, வர்ற தீபாவளி இல்லையே!"

அப்பா வாயை மூடிக்கொள்வார். வேட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும்.

ஜவ்வரிசி வாங்கச் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு அம்மாவே நேரில் போவாள். கை நிறைய அள்ளி, ஊதி, முகர்ந்து, ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பாள். "அக்கா, சேலத்திலே இருந்துக்கிட்டு ஜவ்வரிசியைச் சந்தேகப்படலாமா?" என்று கடைக்காரர் ஆதங்கப்படுவார்.

அவர் ஆதங்கத்தில் நியாயம் உண்டு. அந்த வெள்ளை முத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சரித்திரமே இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்று போயிற்று. 1943-வாக்கில் சேலத்திலேயே மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். குச்சிக் கிழங்கு என்போமே, அதுதான். கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, பாலெடுத்து, வடிகட்டித் தெளிய வைத்து, அடியில் படிகிற மாவைக் குலுக்கிக் குலுக்கி முத்தாக்கி, வறுத்துக் களத்தில் காய வைக்கிறார்கள். ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் பஸ்ஸில் போனால் அந்தக் களங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைக்கும். 1981-இல் ஆலைக்காரர்களுக்காக 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சேதியைப் படிக்க அம்மா இல்லை. இருந்திருந்தால், "இவிங்க சொல்லித்தான் நமக்குத் தெரியணுமாக்கும்!" என்று பேப்பரை மடித்து முறத்துக்கு அடியில் போட்டிருப்பாள்.

அம்மா பிறந்தது காவேரிக் கரையில் இருக்கும் மோகனூரில். 1997-இல் சேலம் ஜில்லாவிலிருந்து நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்ததும், அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பெருமை இரண்டு மடங்காகிவிட்டது. எந்த ஊர்ச் சாலையில் டி.என். 28 என்ற எண்ணோடு லாரி போனாலும், "நம்மூரு வண்டி!" என்று பஸ் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவாள். டிரைவர் யாரோ, எவரோ! நாமக்கல் முட்டை விலையைத் தவறாமல் கேட்டுக்கொள்வாள். ஊரில் மாமாவுக்குக் கோழிப் பண்ணை இருந்தது. விலை ஏறினால் தம்பி பிழைத்தான் என்று சந்தோஷப்படுவாள். இறங்கினால் எங்களுக்கு முட்டைக் குழம்பு. ஆக, எந்த நாளும் வீட்டில் துக்கம் இராது.

ஒரு நாள் சாம்பாரில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை 1888-இல் அதே மோகனூரில் பிறந்தவர். 1930-இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் நடந்தபோது அவர்கள் பாடிய பாட்டை எழுதியவர். "உப்புக்குப் பாட்டெழுதினவரே எங்கூருக்காரருங்க. உப்பு விஷயத்துல எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாமுங்க!" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அப்பா உப்பைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

இனி, மாடிக்கு வாருங்கள். விடிவதற்கு முன்பே கூழ் காய்ச்சி ஆகிவிடும். ஊறிய ஜவ்வரிசி வெந்து, அரைத்த பச்சை மிளகாயும் சீரகமும் பெருங்காயமும் சேர்ந்து கமகமவென்று மணக்கும். வெயில் ஏறுமுன் ஈர வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றியாக வேண்டும். வீட்டில் உள்ள ஒருவரையும் அம்மா சும்மா இருக்க விடமாட்டாள். அக்கா அடுப்படியில் துழாவ வேண்டும். மாடியில் வேட்டி விரிப்பதும், எலுமிச்சம் பழம் பிழிவதும் என் பொறுப்பு. தம்பி கருப்புக் குடையின் கீழே உட்கார்ந்து காக்காய் ஓட்ட வேண்டும்.

"ஐயோ, வெயில் சுடுதும்மா!" என்று அவன் கத்துவான்.

"நாமக்கல் ஆஞ்சநேயரைப் பாரு கண்ணு. பதினெட்டு அடி உசரம். தலைக்கு மேலே கூரையே கிடையாது. வெயிலோ மழையோ, கையைக் கூப்பிக்கிட்டு நிக்கறாரு. உனக்குக் குடையாவது இருக்குதே!" என்பாள்.

ஆஞ்சநேயரோடு போட்டி போட முடியுமா? தம்பி உட்கார்ந்துவிடுவான். ஆனால் சும்மா உட்கார மாட்டான். அரைகுறையாகக் காய்ந்த வடகத்தின் ருசி உங்களுக்குத் தெரியும் அல்லவா? மேலே முறுகி, உள்ளே பசபசவென்று இருக்குமே! மத்தியானம் அம்மா வந்து பார்த்தால் வேட்டியின் ஓரத்தில் ஒரு வரிசையே காணாமல் போயிருக்கும். "காக்காய் தூக்கிட்டுப் போயிருச்சும்மா" என்பான், வாயைத் துடைத்துக்கொண்டு.

அம்மா கோபிக்க மாட்டாள். "அப்படியா கண்ணு? காக்காய் என்ன சொல்லுச்சு? உப்பு சரியா?" என்று கேட்பாள்.

"கொஞ்சம் பத்தலையாம்" என்பான் அந்தக் காக்காய்.

"கூழுல பத்தலைன்னாத்தான் வடகத்துல பத்தும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா இறங்கிப் போய்விடுவாள்.

2022-ஆம் வருஷம், பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம், அம்மா போய்விட்டாள். படுத்தது ஐந்தே நாள். காரியங்கள் முடிந்தன. அக்கா ஈரோட்டுக்கும், தம்பி பெங்களூருக்கும், நான் சென்னைக்குமாகப் பிரிந்தோம். அப்பா சேலத்தில் தனியாக இருந்தார். டெலிபோனில், "சாப்பிட்டாச்சா?", "ஆச்சு" என்பதற்கு மேல் எங்களுக்குப் பேச்சே எழவில்லை. அம்மா பேச்சை யாராவது எடுத்தால் அடுத்தவருக்கு உடனே ஏதோ வேலை வந்துவிடும். ஒரு வீடு சண்டை சச்சரவு இல்லாமலே கலைந்து போக முடியும் என்பதை அந்த மூன்று மாதங்களில் பார்த்தேன்.

சித்திரையில் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். சமையலறை மேடையில் ஒரு வேட்டி மடித்து வைத்திருந்தது. பொங்கலுக்கு அம்மா எடுத்து வைத்த புது வேட்டி, கரைகூட மங்கவில்லை.

"இது எதுக்குங்கப்பா இங்கே இருக்குது?" என்று கேட்டேன்.

அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "சித்திரை பொறந்துருச்சே. அவ எப்பவும் நல்லதாப் பார்த்துத்தானே எடுப்பா!" என்றார்.

நான் அக்காவுக்கும் தம்பிக்கும் போன் செய்து அந்த ஒரு வாக்கியத்தை மாத்திரம் சொன்னேன். சனிக்கிழமை ராத்திரி இருவரும் வந்து இறங்கினார்கள்.

வந்தாயிற்று, வடகம் போடத் தெரிந்தவர் யார்? அம்மா எதையும் எழுதி வைத்ததில்லை. அவளுடைய அளவுகள் எல்லாம் "இத்தனூண்டு", "ஒரு கை", "மனசுக்குத் தோணினபடி" ஆகியவைதாம். ஒருவருக்கும் முழுசாகத் தெரியாது என்று கைபிசைந்தபோதுதான் ஓர் அதிசயம் நடந்தது. கூழின் பதம் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. முத்து நடுவிலே வெள்ளைப் புள்ளி மறைந்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை அவள் கை நிற்கவில்லை. இறக்கி ஆறிய பிறகுதான் எலுமிச்சம் பழம் பிழிய வேண்டும் என்பதும், மாடியில் எந்த மூலையில் சாயங்காலம்வரை வெயில் நிற்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன. தம்பி ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "இன்னும் துளி உப்பு... போதும், போதும்! காஞ்சா ஏறிரும்" என்றான். திருட்டுக் காக்காயாக இருந்த அத்தனை வருஷமும் அவனுக்கு வீண்போகவில்லை!

சாயங்காலம் வடகத்தை உரிக்கும் கட்டம் வந்தது. அங்கேதான் மூவரும் முழித்தோம். அப்பா மெதுவாக எழுந்து வந்தார். வேட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்து, ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக உரித்தார். ஒன்றுகூட உடையவில்லை, வேட்டியிலும் ஒரு கிழிசல் இல்லை.

"உங்களுக்கு எப்படிங்கப்பா தெரியும்?"

"முப்பது வருசமா என் வேட்டி என்ன கதி ஆகுதுன்னு பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தவன் நான்!"

மறுநாள் இரண்டாம் காய்ச்சலுக்கு அப்பாவே குடையின் கீழே உட்கார்ந்தார். மத்தியானம் போய்ப் பார்த்தால் முறத்தில் ஓரத்து வரிசையைக் காணவில்லை. தம்பி சற்று நேரம் அவரையே பார்த்தான். பிறகு கேட்டான்: "அப்பா, காக்காய்க்கு உப்பு சரிங்களா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் வந்தது. எங்களுக்கும் அப்படியே. மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது அந்த மொட்டை மாடியில்தான் கரைந்தது. அன்று ராத்திரி வெகு நேரம்வரை அம்மாவைப் பற்றியே பேசினோம். ஒருவருக்கும் வேறு வேலை வரவில்லை.

நாங்கள் பிரிந்து போகக் கூடாது என்றுதான் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தாளோ என்று அக்கா கேட்டாள். அம்மாவை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவளுக்கு வேலைக்கு ஆள் வேண்டும். கையில் அகப்பட்டவர்களைப் பிடித்தாள், அவ்வளவுதான். ஆனால், யாரிடம் எதைக் கொடுத்தாளோ, அது அவரவரிடம் பத்திரமாக இருந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி இருக்கும். ஊறுகாயோ, அதிரசமோ, ரசப்பொடியோ! ஒரு துண்டு உங்களிடம், ஒரு துண்டு தங்கையிடம், ஒரு துண்டு அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத அண்ணனிடம். அம்மா இருக்கிற வீட்டில் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் போய் நில்லுங்கள்; ஏதாவது ஒரு வேலை கட்டாயம் கிடைக்கும். அம்மா இல்லாத வீட்டில் எல்லாரையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பாருங்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்பது அடுப்பு மூட்டிய பிறகுதான் தெரியும்.

வேட்டி மாத்திரம் கொஞ்சம் பழையதாகப் பார்த்து எடுங்கள்.