பரணில் உறங்கும் கிதார்

மும்பைத் தமிழர் இல்லங்கள் சிலவற்றில் பரண்மேல் ஒரு கிதார் உறங்குகிறது. கல்லூரி நாளில் வாங்கியது. வேலை, குடித்தனம், மின்சார ரயில் பயணம் என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று எடுத்து மீட்டினால் விரல் வலிக்கிறது. 'வயதாகிவிட்டது' என்று மீண்டும் உறைக்குள் போட்டுவிடுகிறார்கள். இது தவறான முடிவு.

குறை வயதில் இல்லை. கடற்காற்றில் துருவேறிய ஆறு கம்பிகளையும் முதலில் மாற்ற வேண்டும். விரல்நுனி காய்ப்பேறச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை நாள்தோறும் 15 நிமிடம் போதும். ஞாயிறன்று மட்டும் 3 மணி நேரம் வாசித்தால் விரல் புண்ணாவதே மிச்சம்.

தெரிந்த பாட்டையே வாசித்து மகிழ்வது மட்டும் வளர்ச்சி ஆகாது. 1982-இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலை வாசிக்க ஆசைப்படாத கிதார் பிரியர் அரிது. அதில் இடக்கை ஒரு பிடியிலிருந்து மறுபிடிக்கு மாறும்போது தடுமாறினால், முழுப் பாட்டையும் திரும்ப வாசிப்பதில் பயனில்லை. அந்த இரண்டு பிடிகளை மட்டும் பாதி வேகத்தில், தாளம் தவறாமல் பழக வேண்டும். பிசகின்றி வந்த பிறகே வேகம் கூட்டலாம்.

பிள்ளைகளை இசை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், தாமும் கால் மணி நேரம் பழகட்டும். பயிற்சியின் அருமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்த அதைவிட நல்ல வழி வேறில்லை.