நிவாரணம் எங்கே முடிகிறது, ஆள்சேர்ப்பு எங்கே தொடங்குகிறது?

டோல்கேட்டிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் எர்ணாவூர். அங்கே 'சுனாமி குடியிருப்பு' என்ற பெயர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது வீடிழந்த வடசென்னை மீனவக் குடும்பங்கள் முதலில் கார்கில் நகர் தற்காலிகக் கொட்டகைகளிலும், பிறகு எர்ணாவூரிலும் குடியமர்த்தப்பட்டன. கடலை விட்டுத் தள்ளி வைக்கப்பட்டதால் அவர்களின் தொழில் நொடித்தது. 2007 தொடக்கத்தில் ஓர் அதிர்ச்சிச் செய்தி வெளிவந்தது. அந்தக் குடியிருப்புப் பெண்களில் பலர் கடனை அடைக்கத் தங்கள் சிறுநீரகத்தை விற்றிருந்தார்கள்.

பேரிடருக்குப் பின் நடக்கும் மிஷனரிப் பணிகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தியை மறக்கக் கூடாது. உடலுறுப்பையே விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவரிடம் ஒரு கையில் அரிசியையும் மறு கையில் மார்க்கத்தையும் நீட்டினால், அவர் சொல்லும் 'சரி' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

சுனாமியில் இந்தோனேசியாவில் மட்டும் 1,60,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆச்சே மாகாண முஸ்லிம்கள். 2005 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த 'வேர்ல்டு ஹெல்ப்' என்ற மிஷனரி அமைப்பு, ஆச்சேயின் 300 அநாதைக் குழந்தைகளை ஜகார்த்தாவில் ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் வைத்து வளர்க்கப் போவதாகச் சொல்லி நிதி திரட்டியது. செய்தி வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது, திட்டம் கைவிடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஹைத்தி நிலநடுக்கத்திலும் இதே போல் நடந்தது. 2010 ஜனவரி இறுதியில் 33 குழந்தைகளை உரிய ஆவணங்கள் இல்லாமல் எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்ற 10 அமெரிக்க பாப்டிஸ்டுகள் கைது செய்யப்பட்டார்கள். விசாரித்தபோது, அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தது தெரியவந்தது.

இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு 'திருச்சபைகள் எல்லாம் இப்படித்தான்' என்று முடிவு கட்டினால் அது நீதியாகாது. அதே ஆச்சேயில் 'கத்தோலிக் ரிலீஃப் சர்வீசஸ்' முஸ்லிம் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. நம் ஊரிலும் காரித்தாஸ் இந்தியா, காசா போன்ற திருச்சபை அமைப்புகள் சுனாமி மீட்புப் பணியில் முன்னின்றன. செஞ்சிலுவை இயக்கமும் பல தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் உருவாக்கிய நடத்தை நெறி, உதவியை எந்த மதக் கருத்தையும் அரசியல் கருத்தையும் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கிறிஸ்தவப் பேரமைப்புகள் பலவும் இதில் பங்கேற்றவையே. ஆக, சர்ச்சை கிறிஸ்தவத்துக்கும் மற்றவர்களுக்கும் இடையில் மட்டும் இல்லை. திருச்சபைகளுக்கு உள்ளேயே இந்த விவாதம் இருக்கிறது.

நம் சமுதாயம் இதில் நிதானமாகப் பேச இன்னொரு காரணமும் உண்டு. 1981இல் நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது, 'வளைகுடாப் பணம்' என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் கிளப்பப்பட்டது. சாதி இழிவைத் தாங்க முடியாமல் தாங்களே எடுத்த முடிவு என்று அந்த மக்கள் சொன்னதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. 2002இல் தமிழக அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே எதிர்த்தார்கள். 'ஆசை காட்டுதல்' என்ற ஒரு சொல்லை வைத்து எந்த அறச்செயலையும் குற்றமாக்கிவிடலாம் என்பதே அன்றைய அச்சம். 2004 தேர்தல் தோல்விக்குப் பின் அந்தச் சட்டத்தை அன்றைய அரசே திரும்பப் பெற்றது. இன்று வேறு மாநிலங்களில் இருக்கும் அதே வகைச் சட்டங்கள் பாதிரியார்கள் மீதும் பாய்கின்றன, முஸ்லிம்கள் மீதும் பாய்கின்றன. வெளிநாட்டு நிதிக் கட்டுப்பாட்டால் 2017இல் 'கம்பாஷன் இன்டர்நேஷனல்' இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது ஆதரித்துவந்த ஏறத்தாழ 1,45,000 குழந்தைகளுக்கு அந்த உதவி நின்றுபோனது. அதைக் கண்டு மகிழ நமக்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் அளவுகோல் என்ன? ஒருவர் தன் மார்க்கத்தைச் சொல்வது அவருடைய உரிமை. கேட்டு, யோசித்து ஏற்பதும் மறுப்பதும் கேட்பவரின் உரிமை. பசித்தவனின் வரிசையில் அதைச் சொல்வதுதான் தவறு. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் போதனை. ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிப்பவர்கள் பிரதிபலனையோ நன்றியையோ எதிர்பார்ப்பதில்லை என்கிறது அத்தஹ்ர் அத்தியாயம். நன்றியைக் கூட எதிர்பார்க்காதவன் ஈமானை எப்படி விலையாகக் கேட்பான்?

இதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. சுனாமியில் தமிழகத்தில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000க்கும் அதிகமானோர் அன்றைய நாகை மாவட்டத்தினர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்களும் அதில் அடக்கம். அப்போது நாகூர் தர்கா, மதம் பார்க்காமல் எல்லோரையும் அடக்கம் செய்யத் தன் நிலத்தைத் தந்தது. 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்தன. முஸ்லிம் தொண்டர்கள் கோயில்களைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள்.

ஆனால் அன்றைய நற்பெயரை வைத்தே காலம் தள்ள முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயும் கலந்தது. அடுத்த மழைக்காலம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன் டோல்கேட், திருவொற்றியூர் வட்டார ஜமாஅத்துகள் சில முடிவுகளை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, ஒவ்வொரு மஹல்லாவும் தன் பகுதிக் குழந்தைகள், முதியோர், தனித்து வாழும் பெண்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். பேரிடர் நேரத்தில் எந்த அமைப்பு வந்து, எவ்வளவு நல்ல வார்த்தை சொன்னாலும், உறவினரும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவும் அறியாமல் ஒரு குழந்தையும் வெளியே போகக் கூடாது. இரண்டாவது, ஸகாத்தை முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கொடுப்பதில் பெரும்பான்மை ஃபிக்ஹு அறிஞர்கள் வரையறை வைத்திருக்கிறார்கள். ஸதகாவுக்கு அந்த வரையறை இல்லை. ஆகவே பேரிடர் நிதியை ஸதகாவாகத் தனியே திரட்டினால், பக்கத்துத் தெரு மீனவருக்குக் கொடுக்கும்போது தயக்கம் வராது. மூன்றாவது, நிவாரணம் தரும் இடத்தில் தஃவா நூல்களும் வேண்டாம், வாங்குபவரின் முகம் தெரியும் புகைப்படமும் வேண்டாம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் தர்மமே பாழாகும் என்பது நாம் அறிந்த போதனைதான்.

நான்காவதுதான் கடினமானது. நம் வீட்டு ஏழைக்கு நாம் கைகொடுக்காமல் விட்டுவிட்டு, அடுத்தவர் கொடுக்க வரும்போது மட்டும் 'ஈமான் போகிறது' என்று பதறுவதில் பயனில்லை. கொட்டகை பிரிக்கப்பட்டு கேமராக்கள் போன பிறகுதான் எர்ணாவூர்ப் பெண்கள் சிறுநீரகத்தை விற்றார்கள். முதல் வாரம் பிரியாணிப் பொட்டலம் கொடுக்க எல்லோரும் வருகிறார்கள். மூன்றாம் ஆண்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கடன் எவ்வளவு என்று கேட்பவர் யார் என்பதே நம் முன் இருக்கும் கேள்வி.