மாத்திரையால் எடை ஏறுதா... நிறுத்திடாதீங்க!

"இப்பத்தானே சாப்பிட்டே, மறுபடியும் பிஸ்கெட்டா?" மனநல மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பசியைக் கிளப்புவதே அந்த மாத்திரைதான் என்பது கேட்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின், செரடோனின் ஏற்பிகளைத் தடுக்கின்றன. வயிறு நிறைந்த உணர்வு மங்கி, இனிப்பைத் தேடுகிறது நாக்கு. முதல் சில மாதங்களில்தான் எடை வேகமாக ஏறும்.

இதற்குப் பயந்து சிலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான். நோய் திரும்பினால், ஏறிய எடையைவிடப் பெரிய இழப்பு. மருத்துவரிடம் சொன்னால், எடையை அவ்வளவாக ஏற்றாத அரிப்பிப்ரசோல் போன்றவற்றுக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார். சிலருக்கு மெட்ஃபார்மின் சேர்ப்பதும் உண்டு. மாத்திரை தொடங்கும் முன்பும் 3 மாதம் கழித்தும் எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது கூல்டிரிங்க்ஸும் பாக்கெட் ஜூஸும். ராத்திரிப் பசிக்கு சுண்டல், வேகவைத்த முட்டை, வெள்ளரி, மோர். பிஸ்கெட் டப்பாவை ஒளித்து வைப்பதில் பயனில்லை, வாங்காமலே இருக்கலாம். அவருக்காக மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும்தான்! "குண்டாயிட்டியே" என்ற கேலி மட்டும் வேண்டவே வேண்டாம்.

உடனே மருத்துவரைப் பார்க்க முடியாதவர்கள் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் இலவசமாகப் பேசலாம்.