சல்லடைக்குள் ஒரு சூத்திரம்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-இல். மன்னார் வளைகுடா முத்து வணிகர்களின் விலைக் கணக்கை 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் எழுதிவைத்துப் போனார்கள். முத்துகளின் மொத்த எடையை மஞ்சாடியில் நிறுக்க வேண்டும். அந்த எண்ணை அதாலேயே பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைப்பதை ‘செவோ’ என்று அவர்கள் பதிந்திருக்கிறார்கள். பேரம் நடந்தது அந்த அலகுக்குத்தான்.

இந்த விதியில் எக்ஸ், ஒய் எதுவும் இல்லை. செயல்கள் மட்டும் அடுத்தடுத்து வருகின்றன. எண் வரிசைகளை மொத்தமாகக் கையாளும் ‘ஜே’ நிரல்மொழியிலும் இப்படி எழுதலாம். கனடாக்காரரான கென்னத் ஐவர்சன் 1962-இல் நூலாக வெளியிட்ட குறியீட்டு முறை அவருக்கு 1979-இல் டூரிங் விருதைத் தந்தது. 1990-இல் ரோஜர் ஹூயியுடன் சேர்ந்து அவர் உருவாக்கியது ஜே. அதில் +/ என்றால் எல்லாவற்றையும் கூட்டு, # என்றால் எண்ணு, % என்றால் வகு. ஆக, சராசரி என்பது மூன்றே சொல்:

+/ % #

செவோவைச் சொன்னபடியே எழுதினால் இப்படி வரும்:

0.75 * *:@(+/) % #

இங்கே *: வர்க்கம்; @ இரண்டு செயல்களைக் கோக்கிறது. பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஆனால் மொத்தத்தின் வர்க்கத்தை எண்ணிக்கையால் வகுப்பதும், மொத்தத்தைச் சராசரியால் பெருக்குவதும் ஒன்றுதானே?

0.75 * +/ * +/ % #

மிச்சமானது இரண்டே குறிகள். குறிகளைக் குறைக்கப் போட்டி போடும் நிரலாளர்களுக்கு இது அற்பமாகப் படலாம். அந்தப் போட்டி விளையாட்டோடு நிற்கட்டும். அடைப்புக்குறி போனதும் வணிகரின் மனக்கணக்கு வெளியே தெரிகிறது: எவ்வளவு எடை, சராசரியாக ஒரு முத்து எவ்வளவு பெரிது. சுருக்குவதன் பயன் இதுதான்.

ஆபத்தும் இங்கேதான். 1 மஞ்சாடி முத்தையும் 3 மஞ்சாடி முத்தையும் ஒன்றாக நிறுத்தால் செவோ 6. தனித்தனியே போட்டால் 0.75, 6.75, கூட்டினால் 7.5. ஒரே விதி, அதே முத்துகள், விற்பவருக்கு நஷ்டம் ஒன்றரை! முத்துகள் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால்தான் இரண்டு வழியும் ஒத்துப்போகும். முத்துகளை முதலில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்தார்கள். பெரிய முத்துக்கான சல்லடையில் 20 துளைகள், கடைசிச் சல்லடையில் 1000. அளவு பிரித்து, உருண்டையும் ஒளியும் பார்த்து ஆணி முதலான ரகங்களாக்கிய பிறகே தராசு வந்தது. சூத்திரத்தில் எழுதாத நிபந்தனையைச் சல்லடை காப்பாற்றியது என்றே கொள்ளலாம்.

நிரல் எழுதுபவர்களில் பலர் இந்தச் சல்லடையை மறந்துவிடுகிறார்கள். வரி சிறுத்ததும் அது எல்லாத் தரவுக்கும் பொருந்தும் என்று நம்பிவிடுகிறார்கள்.

ஜே இலவசமாகக் கிடைக்கிறது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. தூத்துக்குடிக் கல்லூரிகளின் கணிதத் துறைகள் இந்த முத்துக் கணக்கை ஆய்வகப் பயிற்சியாக வைக்கலாம். வரியைச் சுருக்கச் சொல்வதோடு விட்டுவிடாமல், சுருக்கிய வரி எந்தக் குவியலுக்குப் பொருந்தாது என்பதையும் மாணவர்களிடம் கேட்டு, அதற்கும் மதிப்பெண் போடட்டும்.