மொட்டைத் தலையும் ஈர வேட்டியும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். அழகுக்கு மட்டுமல்ல, மழித்த தோலின் எரிச்சலை அது தணிக்கிறது. ஆனால் கல்லில் இழைத்த சந்தனமாக இருக்க வேண்டும். மணமூட்டிய மஞ்சள் நிறப் பொடியைக் குழைத்துப் பூசினால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். தலையைக் கழுவி, ஈரம் ஒற்றி, வெயிலுக்கு மெல்லிய பருத்தித் துண்டு போர்த்தினால் போதும். மொட்டையடிக்கும் முன் புது பிளேடு மாட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே கூடாது. ஹெபடைட்டிஸ் பி பரவக் கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும். 2021 முதல் தமிழகக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணமில்லை என்பது நல்ல மாற்றம். பிளேடு விஷயத்திலும் அதே அக்கறை வேண்டும் என்பேன்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: தொடை உரசிப் புண்ணாவது. ஏறுமுன் அங்கே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் உராய்வு குறையும். ஈரத்துணிதான் அதிகம் அறுக்கும். சரவணப் பொய்கையில் முழுகியவர்கள் உலர்ந்த வேட்டி, புடவைக்கு மாறிக்கொண்டு படியேறுங்கள்.