புரதம் குறைந்தால் பயமா?

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஆறினால் நெறியும் அமுங்கிவிடும். இது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் வலியே இல்லாமல் கழுத்திலோ அக்குளிலோ கட்டிய நெறி வாரக்கணக்கில் அமுங்காமல் நின்றால் அசட்டையாக இருக்கக்கூடாது. கூடவே காய்ச்சல், இரவில் துணி நனையும் வியர்வை, காரணமில்லாத மெலிவு இருந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அது லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

நோய் மார்பு, வயிறு, எலும்பு மஜ்ஜை என்று பரவிவிட்டால் அதை முற்றிய நிலை என்பார்கள். அப்போது எடுக்கும் இரத்தச் சோதனைத் தாளில் 'அல்புமின் குறைவு' என்று கண்டதும் வீடே இடிந்துபோகிறது. "இனி ஊசி போட்டு என்ன பயன்?" என்று சிலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தத் தாள் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி வைத்தால் பால் கட்டியாக உறைந்து, தெளிந்த நீர் தனியே நிற்கும் அல்லவா? இரத்தமும் உறைந்தபின் இளமஞ்சள் நிற நீர் பிரியும். அதுதான் சீரம். புரதங்கள் அதில் கரைந்திருக்கின்றன. மின்சாரத்தைக் கொண்டு அவற்றை வகை வகையாகப் பிரித்துக் காட்டியவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி திசேலியஸ். அதற்காக 1948-ல் நோபல் பரிசு பெற்றார்.

லிம்போமாவில் மூன்று மாற்றங்களைக் கவனிப்பார்கள். முதலாவது, கல்லீரல் செய்யும் அல்புமின். நோய் மும்முரமாக இருக்கும்போது இது இறங்கும். இரண்டாவது, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். நோயின் பளு கூடினால் இது ஏறும். சிறுநீரகம் பழுதானாலும் ஏறும். மூன்றாவது, சில வகை லிம்போமாவில் நோய் அணுக்களே ஒரே மாதிரிப் புரதத்தை ஓயாமல் சுரக்கும். 1944-ல் வால்டன்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் டாக்டர் விவரித்த நோய் அவ்வகையைச் சேர்ந்தது. அதில் இரத்தம் பாகுபோல் தடித்துக் கண் மங்கலாம், மூக்கில் இரத்தம் கசியலாம்.

"தினம் நாலு முட்டை கொடுத்தால் அல்புமின் ஏறிவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல சாப்பாடு சிகிச்சையைத் தாங்கும் தெம்பைத் தரும், வேண்டியதுதான். ஆனால் நோய் அடங்கினால்தான் அல்புமின் சீராகும்.

அப்படியானால் அல்புமின் குறைவு மரண ஓலையா? இல்லை. முற்றிய ஹாட்ஜ்கின் லிம்போமா கண்ட சுமார் 5,000 பேரின் விவரங்களை ஆராய்ந்து, 1998-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பாதகமான அம்சங்கள் மொத்தம் ஏழு. லிட்டருக்கு 40 கிராமுக்குக் குறைந்த அல்புமின் அவற்றில் ஒன்று மட்டுமே. ஓர் அம்சமும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு ஐந்தாண்டுகள் நோய் மீண்டும் தலைதூக்கவில்லை. ஐந்தோ அதற்கு மேலோ உள்ளவர்களிலும் நூற்றுக்கு 42 பேர் அப்படி இருந்தார்கள். அதுவும் அக்கால மருந்துகளைக் கொண்டே!

மருந்து வேலை செய்தால் இந்த அளவுகளும் நல்லபடி திரும்பும். ஆயினும் ஒரே தாளை வைத்து முடிவு கட்டக்கூடாது. வால்டன்ஸ்ட்ரோம் நோயில் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து ஏற்றிய புதிதில் புரதம் சற்று ஏறிப் பின்பு இறங்குவதும் உண்டு. ஏறியதைக் கண்டு மருந்து தோற்றது என்று ஓடிவிடாதீர்கள். ஸ்கேனையும் நோயாளியின் நிலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் தீர்மானிப்பார்.

நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்த வின்கிறிஸ்டின், 1963 முதல் புற்றுநோய்க்குப் பயனாகிறது. அதற்காக அந்த இலையைக் காய்ச்சிக் குடித்துவிடாதீர்கள், அது விஷம். நரம்பையும் இரத்த அணுக்களையும் கெடுக்கும் மருந்தை அளந்து கொடுப்பதற்குத்தான் மருத்துவமனை இருக்கிறது.

டெங்கில் வாசகர்களுக்கு அந்த மருத்துவமனை வெகு தூரத்தில் இல்லை. பிராங் பெசார் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்கள், அங்கே புத்ராஜெயா எழும்பியபோது டெங்கிலுக்குக் குடிபெயர்ந்தன. அதே புத்ராஜெயாவில் 2013 முதல் தேசியப் புற்றுநோய்க் கழகம் இயங்கி வருகிறது. முன்பு மரம் வெட்டப் போன திசைக்கே இன்று சிகிச்சைக்கும் போகலாம்.

போகும்போது பழைய சோதனைத் தாள்களை ஒன்றுவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். "போன முறைக்கு இந்த முறை அல்புமின் எப்படி? ஸ்கேன் என்ன சொல்கிறது?" என்று தயங்காமல் கேளுங்கள். நெறி அமுங்கிவிட்டது என்று அடுத்த ஊசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கைக்குத் தட்டுப்படாத நோய் உள்ளே மிச்சமிருக்கலாம்.